சாவி எங்கே இருக்கிறது?

நம் வீடுகளில் பாதுகாப்பு என்றாலே பூட்டுதான். வாசல் கேட்டுக்கு ஒன்று, கிரில்லுக்கு ஒன்று, மரக்கதவுக்கு ஒன்று, சமையலறைப் பின்கதவுக்கு இன்னொன்று. சன்னல்களிலோ இரும்புக் கம்பிகள். வீடு புகுந்து திருடும் செய்திகளை அடிக்கடி படிக்கிற நாம் இத்தனை பூட்டுகள் போடுவதில் வியப்பில்லை, அவை தேவையும்கூட. ஆனால் பாதுகாப்புக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. வெளியே இருப்பவன் உள்ளே வரக்கூடாது என்பது ஒன்று. உள்ளே இருப்பவர்கள் ஆபத்து வேளையில் உடனே வெளியேற வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பக்கத்தைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்சே எழுவதில்லை.

2017 செப்டம்பர் 14 அதிகாலை, கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியில் தீப்பற்றி 23 பேர் இறந்தனர். அவர்களில் 21 பேர் மாணவர்கள். சன்னல்களில் பொருத்தியிருந்த இரும்புக் கம்பிகள் அவர்கள் தப்பும் வழியை அடைத்துவிட்டன. அப்போது நான் ஆறாம் ஆண்டு மாணவி. அதன் பிறகு நாடு முழுவதும் விடுதிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள். அதே கம்பிகள் நம் படுக்கையறைச் சன்னல்களிலும் இருக்கின்றன என்பதை எத்தனை வீடுகளில் பேசினோம்?

அண்மையில் என்னுடன் படிக்கும் தோழர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "நள்ளிரவில், விளக்கு எரியாத நிலையில், உங்கள் வீட்டுக் கிரில் சாவியை எடுக்க எவ்வளவு நேரமாகும்?" பெரும்பாலோரின் பதில், "அம்மாவிடம் இருக்கும்" அல்லது "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்பதே. பல்கலைக்கழக விடுதியில் தீ விபத்து நேர்ந்தால் எந்தப் படிக்கட்டில் இறங்கி எங்கே கூட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு திட்டம் இல்லை.

காரணம் அலட்சியம் மட்டுமல்ல. வீட்டில் இதைப் பற்றி வாயெடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமாய் என்ன பேச்சு இது?" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். கெட்டதைப் பேசினால் கெட்டது வந்துவிடும் என்ற அச்சம். அந்த அச்சத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் தீ நம் வாயிலிருந்து சொல் வருவதற்காகக் காத்திருப்பதில்லை. அது வரும்போது பெரும்பாலும் நெருப்புக்கு முன்பே புகை வந்து மூச்சை அடைக்கிறது. சாவியைத் தேட அப்போது நேரம் கிடைக்காது.

என் அப்பா சாவிக்கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்குபவர். கதவோரம் மாட்டலாமே என்று சொன்னபோது, "திருடன் கம்பை விட்டு எடுத்துக்கொள்வான்" என்றார். நியாயமான கேள்விதான். பேசிப் பார்த்ததில் வழி பிறந்தது. வெளியிலிருந்து கையோ கம்போ எட்டாத தூரத்தில், ஆனால் இருட்டில் தடவினாலும் கிடைக்கும் உயரத்தில் ஓர் ஆணி அடித்தோம். கிரில் சாவி இரவில் அங்கேதான் தொங்கும்; அதை யாரும் வேறு இடத்திற்குக் கொண்டுபோகக் கூடாது. பாட்டியின் அறைச் சன்னல் கம்பியை உள்ளிருந்து திறக்கும்படி மாற்றினோம். இரவில் ஹாலுக்குள் ஏற்றி வைக்கும் மோட்டார் சைக்கிளை வழியை மறிக்காமல் ஒதுக்கினோம். பெரிய செலவில்லை.

இங்கே இளையோரான நமக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. பாதுகாப்பு அறிவிப்புகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அவற்றைக் கொண்டுசேர்ப்பது யார்? பள்ளியில் இரு மொழிகளில் கற்றதை வீட்டு மொழியில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். புகை சூழ்ந்தால் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேற வேண்டும். வெளியே வந்தபின் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக்கூடாது. 999-ஐ அழைத்தால் முகவரி கேட்பார்கள். "கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு" என்றால் போதாது. வீட்டு எண், சாலை, தாமான் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகில் ஒட்டுங்கள். தம்பி தங்கைகளையும் அதைச் சொல்லிப் பழக வையுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும்போதும் இதே கவனம் வேண்டும். கிளம்பும் அவசரத்தில் சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டுப் போவது பல வீடுகளில் வழக்கம். கும்பிட்டுவிட்டு, விளக்கைக் குளிரவைத்த பிறகு கதவைப் பூட்டுவோம், தெய்வம் கோபித்துக்கொள்ளாது. எரிவாயுத் தோம்பை மூடுவோம். வீடு பூட்டியிருக்கும் நாள்களைக் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். அதற்குப் பாரம் உண்டு. பக்கத்து வீட்டு மாக்சிக்கிடமும் ஒரு வார்த்தை சொல்வோம். நோன்புப் பெருநாளுக்கு அவர் ஊருக்குப் போகும்போது அவர் வீட்டை நாம் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? பயணப் படங்களை வீடு திரும்பிய பிறகு பதிவேற்றினாலும் விருப்பக்குறிகள் குறையாது.

சாலையில் நாம் இன்னும் துணிந்து பேச வேண்டும். பின் இருக்கையிலும் வார் அணிவது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஆனாலும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பிடித்துக்கொள்கிறேன்" என்பவர்கள் எத்தனை பேர்! மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் 30 மீட்டர் கடக்கிறது. மோதும் கணத்தில் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பகல் முழுவதும் வேலை செய்த அப்பா இரவில் காரோட்டினால், முன் இருக்கையில் விழித்திருந்து பேச்சுக்கொடுப்பதும், இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை ஓய்விடத்தில் நிறுத்தச் சொல்வதும் நம் வேலை. கண் சொக்கினால் ஊர்போய்ச் சேரும் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பெரியவர்களுக்கு அறிவுரை சொல்வது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். அவர்கள் நம்மைப் பாதுகாத்து வளர்த்தார்கள். இப்போது அந்தப் பாரத்தில் ஒரு பங்கை நாமும் சுமக்கலாம். பணிவோடு கேட்டால் யாரும் தட்டமாட்டார்கள். இந்த வார இறுதியில் வீட்டார் எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்து, விளக்குகளை அணைத்துவிட்டுக் கிரில்லைத் திறந்து பாருங்கள். எத்தனை விநாடி ஆகிறதென்று எண்ணுங்கள். பிறகு அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று சேர்ந்து பேசுங்கள்.