படிக்காதவன் கெட்டவனா?

ஆங்கிலத்தில் 'லூட்' என்று ஒரு பழைய பெயரடை உண்டு. கொள்ளையடிக்கிற லூட் இல்லைங்க, அது இந்தியிலிருந்து போனது. இது வேறு. அகராதியில் 'ஆபாசமான, காமவெறி கொண்ட' என்று போட்டிருக்கும்.

ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதில் ஆபாசம் துளிகூட இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'லேவெடெ' என்றால் பாதிரியார் அல்லாதவர். அவ்வளவுதான்! ஏர் உழுதவனும் லேவெடெ, செருப்பு தைத்தவனும் லேவெடெ.

அப்புறம் என்ன ஆச்சு? அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள். அதனால் 'பாதிரி அல்லாதவன்' மெல்ல 'படிக்காதவன்' ஆனான். படிக்காதவன் 'கீழ்த்தரமானவன்' ஆனான். 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காமுகனும் ஆகிவிட்டான்!

"சொல்லின் பொருள் காலப்போக்கில் தானாக மாறும், இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. தானாகவா? பண்ணையில் வேலை செய்த குடியானவன்தான் 'வில்லன்'. சாதாரண ஜனங்களைக் குறித்ததுதான் 'வல்கர்'. இரண்டும் சாக்கடையில் விழுந்தன. நல்ல குடியில் பிறந்தவனைக் குறித்த 'ஜென்டில்' மட்டும் மென்மை, கனிவு என்று மேலே ஏறியது. 'நைட்', 'நேவ்' இரண்டுக்குமே ஆதியில் பொருள் பையன். குதிரையும் நிலமும் கிடைத்த பையன் வீரப்பெருமகன் ஆனான். கிடைக்காத பையன் அயோக்கியன் ஆனான். இதுவா தானாக நடப்பது?

வெறும் வார்த்தைதானே என்று விடவும் முடியாது. இங்கிலாந்தில் பாதிரிமார்களுக்கு இருந்த ஒரு சலுகை, பிறகு படிக்கத் தெரிந்த மற்றவர்களுக்கும் கிடைத்தது. தூக்குக்குரிய பல குற்றங்களில், முதல் தடவை மாட்டியவன் 51-ஆம் சங்கீதத்தில் ஒரு வசனத்தைப் படித்துக் காட்டினால் உயிர் தப்பலாம். அதே குற்றம் செய்த படிக்காதவனுக்குக் கயிறு! அந்தப் படிப்புச் சோதனை 1706-இல்தான் ஒழிந்தது. சலுகையே 1827-இல்தான் போனது.

பி.காம். முடித்து கிளார்க் பரீட்சை எழுதப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க: 'கிளார்க்' என்ற சொல்லும் பாதிரியிலிருந்து வந்ததுதான். பேனா வைத்திருந்தவனுக்கு உத்தியோகம், இல்லாதவனுக்கு வசவு.

நம்மிடமும் 'பட்டிக்காட்டான்' இருக்கிறான். காட்டில் பாடுபட்டதைத் தவிர அவன் செய்த தப்பு என்ன? அகராதியில் இருக்கிற வசவுகளில் பாதி, எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவனைப் பற்றி எழுதி வைத்தது. பதில் எழுத அவனுக்கு எழுத்து தெரியாது. தெரிந்த நாமாவது கொஞ்சம் யோசித்துத் திட்டலாமே?