பேட்டரி செத்தால் பொருளும் சாக வேண்டுமா?

வீட்டில் ஏதாவது ஓர் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பழைய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, கையடக்க விசிறி ஒன்று, சவரக் கருவி ஒன்று, சார்ஜ் ஏறாத டார்ச்லைட் ஒன்று கிடக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, இதற்கு என்ன கேடு என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் குரல் நன்றாகத்தான் இருந்தது. விசிறியின் மோட்டார் சுழலத்தான் செய்தது. டார்ச்லைட்டின் பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் உயிர் போனது உள்ளே இருக்கும் பேட்டரிக்கு மட்டும்தான். அதை மாற்ற வழியில்லாததால் முழுப் பொருளையும் ஒதுக்கிவிட்டோம்.

வாசகர்களே, இந்த வாரம் அந்தப் பேட்டரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். நம் பணம் சத்தமில்லாமல் கரையும் இடங்களில் இதுவும் ஒன்று.

வானொலி வேலையில் ஒலிப்பதிவுக் கருவி என்பது தச்சருக்கு உளி மாதிரி. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்த காலத்தில் வாங்கியது. இரண்டு டபுள் ஏ பேட்டரி போட்டால் ஓடும். மற்றொன்று பின்னாளில் வாங்கியது. மெலிசானது, அழகானது, பேட்டரி உள்ளேயே பூட்டப்பட்டது. மூன்றாம் ஆண்டில் அது ஒரு பேட்டியைக்கூட முழுதாகத் தாங்கவில்லை. சேவை மையத்துக்கு எடுத்துப் போனேன். முகப்பில் இருந்த தம்பி சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மைக் நல்லா இருக்குக்கா, மெமரி நல்லா இருக்கு. பேட்டரிதான் போச்சு. ஆனா இந்த மாடலுக்குப் பேட்டரி வர்றதில்ல. புதுசு வாங்கிடுங்க." எல்லாம் நல்லா இருக்கு, ஆனால் புதிது வாங்க வேண்டும்! அந்தப் பழைய கருவி இன்றும் என் பையில் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் பேட்டரி வாங்கிப் போட்டால் உடனே வேலைக்குத் தயார்.

கையடக்கப் பொருள்களில் வரும் பேட்டரிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, எல்லோருக்கும் பொதுவானது. டபுள் ஏ, டிரிபிள் ஏ எல்லாம் இதில் சேரும். டபுள் ஏ பேட்டரி 14.5 மில்லிமீட்டர் தடிமனும் 50.5 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. எந்த நிறுவனம் செய்தாலும், எந்த நாட்டில் வாங்கினாலும் அதே அளவு. இதே குடும்பத்தின் பெரிய அண்ணன் 18650 என்ற லித்தியம் பேட்டரி. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல டார்ச்லைட்டுகளிலும் சில கையடக்க விசிறிகளிலும் இதைப் பார்க்கலாம்.

இரண்டாம் வகை, கழற்றலாம், ஆனால் அந்த நிறுவனத்துடையதுதான் பொருந்தும். கேமரா பேட்டரிகள் பெரும்பாலும் இப்படித்தான். நிறுவனம் அதைத் தயாரிக்கும் வரை நமக்குக் கவலையில்லை. நிறுத்திவிட்டால், பெயர் தெரியாத நகல்களைத் தேடி அலைய வேண்டும்.

மூன்றாம் வகை, உள்ளேயே வைத்து மூடப்பட்டது. பசையும் சிறப்புத் திருகாணியும் காவல் நிற்கும். இன்றைய கைத்தொலைபேசிகள், காதில் செருகும் ஒலிக்கருவிகள், சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாம் வகை சில நேரம் முதல் வகையாக மாறிவிடுவதும் உண்டு. நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி நினைவிருக்கிறதா? 2003ல் வந்த நோக்கியா 1100 உட்பட எத்தனையோ கைத்தொலைபேசிகளில் அதுதான் இருந்தது. அது எங்கும் கிடைத்ததால், மற்றவர்கள் செய்த சின்ன வானொலிகளும் பாட்டுப்பெட்டிகளும் அதே பேட்டரியைப் போட்டுக்கொண்டன. ஒரு நிறுவனத்தின் சொந்த அளவு, ஊருக்கே பொது அளவாகிவிட்டது.

இதே பிஎல்-5சி இன்னொரு பாடமும் சொல்லித் தருகிறது. 2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை விட்டது. மாட்சுஷிட்டா நிறுவனம் செய்துகொடுத்த 46 மில்லியன் பிஎல்-5சி பேட்டரிகள், சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று சொன்னது. மக்கள் என்ன செய்தார்கள்? பின்மூடியைத் திறந்து, பேட்டரியில் இருந்த எண்ணைப் பார்த்தார்கள். எண் பட்டியலில் இருந்தால் இலவசமாக வேறு பேட்டரி கிடைத்தது. கைத்தொலைபேசி கையை விட்டுப் போகவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016ல் சாம்சுங் கேலக்சி நோட் 7 வந்தது. அதன் பேட்டரி மூடி ஒட்டப்பட்டது. சில தொலைபேசிகள் தீப்பிடித்தன. செப்டம்பரில் 2.5 மில்லியன் தொலைபேசிகள் திரும்பப் பெறப்பட்டன. மாற்றாகக் கொடுத்தவையும் தீப்பிடித்ததால் அக்டோபரில் தயாரிப்பே நின்றது. விமானங்களில் அதைக் கொண்டுபோகத் தடை வந்தது. குற்றம் பேட்டரியில்தான் என்று 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது. ஆனால் பேட்டரியை மட்டும் கழற்றிக் கொடுக்க முடியாததால், நல்ல திரையும் நல்ல கேமராவும் சேர்ந்து போயின.

இப்படிச் சொல்வதால், பேட்டரியை மூடி வைப்பது வெறும் வியாபாரத் தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. மூடிய கருவிகளில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய பை போன்ற லித்தியம் பேட்டரி. அதற்குக் கெட்டியான ஓடு இல்லாததால் இடம் மிச்சமாகிறது, கருவி மெலிகிறது. ஆனால் நகம் பட்டாலே ஆபத்து என்பதால் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியிருக்கிறது. திறக்கும் மூடி இல்லாவிட்டால் தண்ணீர் புகாமல் காப்பதும் எளிது. நம் ஊர் மழைக்கு அது சின்ன விஷயமில்லை.

போன மாதம் நேயர்களோடு பேசும் நேரத்தில் ஈப்போவிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். "அப்பாவுக்கு 78 வயசு, தங்கச்சி. காது மெஷின் வாங்கணும். பேட்டரி மாத்துற மாதிரி வாங்குறதா, சார்ஜ் போடுற மாதிரி வாங்குறதா?" என்று கேட்டார். நான் எப்போதும் மாற்றும் பேட்டரியின் பக்கம்தான். ஆனால் அவருக்கு அப்படிப் பதில் சொல்ல முடியவில்லை.

காது கேட்கும் கருவியில் போடும் 312 எண் பேட்டரி 7.9 மில்லிமீட்டர் அகலம்தான். ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒருமுறை ஒட்டுத்தாளை உரித்து, சரியான பக்கம் பார்த்துப் பொருத்த வேண்டும். விரல் நடுங்கும், கண் மங்கிய ஒரு பெரியவருக்கு இது பெரிய சோதனை. மாற்ற முடியாமல் கருவியைக் கழற்றி வைத்துவிட்டால், வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க அவர் மட்டும் மௌனத்தில் உட்கார்ந்திருப்பார். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில், சின்னப் பொத்தான் பேட்டரியை அவர்கள் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. விழுங்கினால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரவில் பெட்டியில் வைத்தால் காலையில் தயாராக இருக்கும் கருவி அந்த அப்பாவுக்கு நிச்சயம் சௌகரியம்தான்.

அதனால் நான் அந்த அண்ணனிடம் சொன்னது இதுதான்: "கையால மாத்த அவருக்கு முடியுமான்னு முதல்ல பாருங்கண்ணே. முடியலைன்னா சார்ஜ் போடுறதையே வாங்குங்க. ஆனா காசு கட்டறதுக்கு முன்னாடி ஒன்னு கேளுங்க. நாலஞ்சு வருசம் கழிச்சு பேட்டரி பலவீனமானா யாரு மாத்துவாங்க, எவ்வளவு ஆகும், எத்தன நாள் ஆகும்? அந்த நாள்ல அப்பாவுக்கு வேற கருவி கொடுப்பாங்களா?"

உண்மையில் எல்லாப் பொருளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். யார் மாற்றுவது என்பது இரண்டாவது விஷயம். மாற்ற வழி இருக்கிறதா என்பதே முதல் விஷயம். பேட்டரி என்பது காரின் டயர் மாதிரி, தேய்வதற்கென்றே பிறந்தது. லித்தியம் பேட்டரி சில நூறு தடவை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் தளரத் தொடங்கும். வெப்பம் அதை இன்னும் வேகமாகக் கெடுக்கும். நண்பகல் வெயிலில் பூட்டிய காருக்குள் கைத்தொலைபேசியையோ பவர் பேங்கையோ விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டயர் தேய்ந்தால் காரையே மாற்றச் சொல்லும் கடைக்காரரை நாம் சும்மா விடுவோமா? பேட்டரி விஷயத்தில் மட்டும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

அவசர காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் மூடிய பேட்டரிக்கு ஒரே ஓர் உயிர்தான். தீர்ந்தால் தீர்ந்ததுதான். டபுள் ஏ போடும் டார்ச்லைட்டுக்கும் கையடக்க வானொலிக்கும், டப்பாவில் எத்தனை பேட்டரி இருக்கிறதோ அத்தனை உயிர். வானொலிக்காரி என்பதால் வானொலிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கி வையுங்கள். பயன்படுத்தாத நாளில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரி நாள்பட்டால் கசிந்து, வெள்ளைப் பொடி படிந்து, உள்ளே இருக்கும் கம்பியை அரித்துவிடும்.

ஒவ்வொரு முறையும் புதிது வாங்கி எறிய மனமில்லாதவர்களுக்கு, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் டபுள் ஏ இருக்கிறது. முன்பெல்லாம் அது அலமாரியில் சும்மா கிடந்தாலே காலியாகிவிடும். 2005ல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பேட்டரியைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. இப்போது பல நிறுவனங்கள் அதே மாதிரி செய்கின்றன. ஓராண்டு கிடந்தாலும் பெரும்பகுதி மின்சாரம் மிச்சம் இருக்கும்.

மாற்றும் பேட்டரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் பொருளில்லை. 18650 வாங்கும்போது எச்சரிக்கை தேவை. பசார் மாலாமிலும் இணையக் கடையிலும் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 மலிவாகக் கிடைக்கும். நம்பாதீர்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் 18650ல் பொதுவாக இருப்பது 2,500 முதல் 3,500 வரைதான். உறை கிழிந்த பேட்டரியைப் போடாதீர்கள். சாவியும் சில்லறையும் இருக்கும் பையில் அதைப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். இரண்டு முனையையும் உலோகம் தொட்டால் தீப்பிடிக்கும். ஒரு வெள்ளி பிளாஸ்டிக் டப்பா போதும், அந்த ஆபத்தைத் தடுக்க. செத்த பேட்டரியையும் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவுப் பெட்டியில் சேருங்கள். சிங்கப்பூரில் 2021 ஜூலையிலிருந்து அதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது.

காற்று நம் பக்கம் வீசும் அறிகுறியும் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் ஒரு சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கப் பொருள்களின் பேட்டரியை, வாங்கியவரே எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். அந்த மாடலை விற்று முடித்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும். தண்ணீரில் பயன்படும் சில பொருள்களுக்கும் சில மருத்துவக் கருவிகளுக்கும் விலக்கு உண்டு. நீண்ட காலம் உழைக்கும் பேட்டரியும் நீர்புகாத் தன்மையும் கொண்ட கைத்தொலைபேசிகளுக்கும் சலுகை இருக்கிறது. அங்கே விற்கச் செய்த பொருளையே நம் கடைக்கும் அனுப்பினால் நமக்கும் லாபம்தான்.

அதுவரை கடையில் நிற்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். பேட்டரி கழற்ற முடியுமா? முடிந்தால் பொது அளவா, இந்த நிறுவனத்தின் தனி அளவா? முடியாவிட்டால் யார் மாற்றித் தருவார்கள், என்ன விலை? மாற்றுப் பேட்டரி எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்? கடைக்காரர் பதில் தெரியாமல் விழித்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டால் வேண்டாத கேள்வி. நூறு பேர் கேட்டால், அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது அவரும் மொத்த வியாபாரியிடம் அதையே கேட்பார்.

வரும் தீபாவளிக்கு யாருக்காவது ஏதாவது மின்கருவி பரிசளிக்க நினைத்திருந்தால், பெட்டியைத் திருப்பி, பின்னால் பேட்டரி பற்றி எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள். அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு வருகிறேன்.