மோட்டார் வாங்கும் கைமாற்று

2022 செப்டம்பரில் தமிழகத்தில் மின் கட்டணம் திருத்தப்பட்டபோது, உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கான தேவைக் கட்டணம் கே.வி.ஏ. ஒன்றுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்ந்தது. அதன் பின்னரும் அது ஏறியிருக்கிறது. அந்த உயர்வு நியாயமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் "கே.வி.ஏ. ஒன்றுக்கு" என்ற சொல்லை அவ்விவாதத்தில் பலரும் பொருட்படுத்துவதில்லை. கட்டணம் ஏன் கிலோவாட்டுக்கு இல்லை? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அக்கேள்வியே முதன்மையாகப் படுகிறது.

நூற்பாலையிலும் வார்ப்படத் தொழிற்சாலையிலும் மாவு மில்லிலும் சுழல்பவை பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார்கள். விலை குறைவு, உறுதி அதிகம், தேய்ந்துபோகும் பிரஷ்கள் இல்லை. ஆனால் அதன் சுழலும் பகுதிக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. சுற்றியுள்ள காந்தப்புலமே அதை இழுத்துச் சுழற்றுகிறது. அப்புலத்தை உருவாக்கத் தேவையான மின்னோட்டத்தை மோட்டார் மின்பாதையிலிருந்தே பெறுகிறது. அது வேலை எதையும் செய்வதில்லை; வாங்கிய ஆற்றலை மோட்டார் உடனே திருப்பித் தந்துவிடுகிறது. நொடிக்கு 100 முறை நடக்கும் கைமாற்று என்று இதைச் சொல்லலாம். வட்டி இல்லாத கைமாற்றுதான். ஆயினும் போய்வரும் வழியில் கம்பியும் மின்மாற்றியும் சூடாகின்றன. செய்யப்படும் வேலைக்கான கிலோவாட்டை, மொத்தமாக இழுக்கப்படும் கே.வி.ஏ.வால் வகுத்தால் கிடைப்பதே திறன் காரணி.

இதில் தொழில்முனைவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மோட்டாரின் சுமை குறைந்தாலும் காந்தப்புலத்துக்கான மின்னோட்டம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். எனவே முழுச் சுமையில் 0.85 என்ற அளவில் இருக்கும் திறன் காரணி, பாதிச் சுமையில் 0.7 அளவுக்கு இறங்கும். வெறுமனே சுழலும்போது 0.2-க்கும் கீழே போய்விடும். 20 குதிரைத்திறன் போதுமான இடத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று 30 பூட்டுவது நம் தொழிற்பேட்டைகளில் வழக்கம். எரிந்துபோன மோட்டாருக்கு மறுசுருள் கட்டும்போது, பழைய சுருளை அகற்ற அதைத் தீயில் வாட்டுவதும் வழக்கம். அதிக வெப்பத்தில் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் கெட்டால், அந்த மோட்டார் முன்னைவிட அதிக மின்னோட்டம் கேட்கும். இரண்டு வழக்கங்களுக்கும் காரணம் முதலீட்டுப் பற்றாக்குறையும் இயந்திரம் நின்றுவிடுமோ என்ற அச்சமும்தானே தவிர அறியாமை அன்று.

100 கிலோவாட் சுமை கொண்ட ஆலையின் திறன் காரணி 0.70 என்றால் அது இழுப்பது சுமார் 143 கே.வி.ஏ. சுமார் 70 கே.வி.ஏ.ஆர். திறனுள்ள மின்தேக்கிகளைப் பொருத்தி 0.95-க்குக் கொண்டுவந்தால் அது 105 ஆகும். 550 ரூபாய்க் கட்டணத்தில் மாதம் ஏறக்குறைய 21,000 ரூபாய் மிச்சம். மின்தேக்கிக்கு முன்னுள்ள கம்பிகளில் வெப்பமாக வீணாவதும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆனால் தமிழகத்தில் பதிவான உச்சத் தேவை, ஒப்பந்தத் தேவையில் 90 விழுக்காடு ஆகியவற்றில் எது அதிகமோ அதற்கே கட்டணம். மின்தேக்கியைப் பொருத்திவிட்டு ஒப்பந்தத் தேவையைக் குறைக்க விண்ணப்பிக்காதவருக்கு இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி கைக்கு வராது.

உயரழுத்த இணைப்புக்கு 0.90, 18.6 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்கு 0.85 என்பது விதி. குறைந்தால் ஈட்டுக் கட்டணம் உண்டு. அதற்கும் சிறிய பட்டறைகளை இந்த விதி தொடுவதில்லை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் பம்புசெட்டுகளையும் தொடுவதில்லை. அவற்றில் இருப்பதும் இதே மோட்டார்தான். கிராமத்து மின்பாதையின் கடைசியில் மின்னழுத்தம் சரிய இந்தக் கைமாற்றும் ஒரு காரணம். சரிந்த மின்னழுத்தத்தில் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகி எரிகிறது. மின்சாரம் இலவசம், மறுசுருள் கட்டும் செலவு இலவசமன்று. பம்புசெட்டில் ஒரு சிறு மின்தேக்கியைப் பொருத்தினால் பயன் அந்தப் பாதையிலுள்ள அனைவருக்கும். செலவு மட்டும் ஒருவருக்கு. இதைத் தனிமனிதரிடம் விட்டால் நடக்காது. மின்வாரியம்தான் தன் செலவில் செய்தாக வேண்டும். இழப்புக் குறைவில் அது திரும்பி வரும்.

மின்தேக்கி சர்வரோக நிவாரணி அன்று. இரவில் ஆலை ஓய்ந்த பிறகும் அது இணைப்பிலேயே இருந்தால் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்கள் நிறைந்த ஆலையில், அவை எழுப்பும் ஹார்மோனிக் அலைகளைத் தடுக்க ரியாக்டர் சேர்க்காவிட்டால் மின்தேக்கியே வெடிக்கலாம்.

மகாராஷ்டிரம் 2020 ஏப்ரல் முதல் உயரழுத்த நுகர்வோருக்கு யூனிட்டையே கே.வி.ஏ. மணியில் கணக்கிடுகிறது. அங்கே தனி அபராதம் தேவையில்லை. கைமாற்றின் விலை ஒவ்வொரு யூனிட்டிலும் சேர்ந்துவிடுகிறது. நம் ஒழுங்குமுறை ஆணையமும் இதைப் பரிசீலிக்கலாம். ஆனால் மின்தேக்கி வாங்கச் சிறு நிறுவனங்களுக்குக் கடனும் ஓராண்டு அவகாசமும் முதலில் தரப்பட வேண்டும். அளவீடு அதற்குப் பிறகு மாறட்டும்.