ஆவணி மாதத்துத் தரவை பாழ்நிலமன்று

மடு மாதாவின் ஆவணித் திருவிழா முடிந்த மூன்றாம் நாள், கனடாவிலிருந்து வந்திருந்த என் மைத்துனரையும் அவரது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மன்னாருக்குச் சென்றேன். அது 2023 ஆம் ஆண்டு. முருங்கன் வயல்வெளிகளைக் கடந்து, திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் சந்தியையும் விட்டு வாகனம் மேற்கே சென்றபோது, வீதியின் இருமருங்கிலும் வெண்ணிறத் தரவை விரிந்தது. வெயிலில் வெடித்த சேறு, ஓரங்களில் உப்புப் படலம், தூரத்தில் சில மாடுகள், அவற்றுக்கும் அப்பால் கண்ணாடித் துண்டுபோல் ஒரு மெல்லிய நீர்ப்பரப்பு. சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

"அத்தான், இவ்வளவு நிலமும் சும்மா கிடக்குது. ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையோ?" என்று மைத்துனர் கேட்டார்.

கேள்வியில் குற்றமில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நானும் அந்த வீதியால் எத்தனையோ தடவை சென்றபோது அப்படித்தான் நினைத்திருக்கிறேன். நினைத்தது மட்டுமன்றி எழுதியும் இருக்கிறேன். வடக்கின் கரையோரத் தரவையொன்றில் வரவிருந்த ஒரு திட்டத்தைப் பற்றிய செய்திக்கு "வெறும் தரவைக்கு விடிவு காலம்" என்று தலைப்பிட்டவன் நானே. அந்தத் தலைப்பை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இக்கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம்.

மைத்துனரின் கேள்விக்கு வாயால் விடை சொல்லாமல் வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகள் சலிப்போடு இறங்கினார்கள். அரை மணி நேரம் நின்றோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சேற்றின் ஒரு பகுதி அசைவதுபோல் தோன்றியது. கூர்ந்து பார்த்தால், சேற்றின் நிறத்திலேயே நூற்றுக்கணக்கான சிறு பறவைகள், தலையைக் குனிந்தபடி, தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அலகால் நிலத்தைக் குத்திக்கொண்டே நகர்ந்துகொண்டிருந்தன. சிலவற்றின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக எஞ்சியிருந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை நெருங்கி வந்து, "உள்ளான் வந்திட்டுது ஐயா. இனி ரண்டு மாசத்தில மழை" என்றார். எங்களுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் அவர் ஒரு நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் நின்ற இடம் வங்காலைச் சரணாலயம். 4,839 ஹெக்டேயர் பரப்புடையது. 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 யூலையில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் நிலம் என்பது அந்த அங்கீகாரத்துக்கான காரணங்களில் ஒன்று. மத்திய ஆசியப் பறவை வழி என்று ஆய்வாளர் அழைக்கும் பெரும் வான்பாதை, ஆர்க்டிக் கரையிலிருந்து சைபீரியா, மத்திய ஆசியா, இந்தியா ஊடாகத் தெற்கே வந்து முடியும் இடங்களில் எமது மன்னாரும் ஒன்று. மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று 2021 இல் ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமல் தீபகற்பம் வரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் பதிவுசெய்தனர். நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவர் காலத்திலிருந்தே பறவைகளின் தெற்கு வடக்குப் பயணத்தை அறிந்திருந்த இனம் நாம். அந்த அறிவைச் செய்யுளோடு நிறுத்திவிட்டோம் என்பதே குறை.

பறவைகளைப் பார்க்க மன்னாருக்கு வருவோர் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களிலேயே வருகின்றனர். அப்போது மாரி மழையால் நீர் நிறைந்திருக்கும். பூநாரைகள் கூட்டமாக நிற்கும். ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். படம் எடுக்கவும் அழகு. பத்திரிகைகளும் அப்போதுதான் அரைப்பக்கம் ஒதுக்கும். ஆவணியில் வரும் பறவைகளுக்கு அந்தப் பொலிவு இல்லை. அவற்றில் மிகச் சிறிய உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். அந்த உடல் பல்லாயிரம் கிலோமீற்றரைக் கடந்து வந்திருக்கிறது.

ஆர்க்டிக்கின் கோடை மிகக் குறுகியது. ஆனி மாதத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த உள்ளான் இனங்கள் பலவற்றில், முதிர்ந்த பறவைகள் குஞ்சுகளை விட்டுவிட்டு முன்னதாகவே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. செங்கல் நிறம் இன்னும் உதிராமல் ஆவணியில் எமது சேற்றில் இறங்குபவை அவைதாம். குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து, வழிகாட்ட எவருமின்றி, பிறந்தபின் ஒருபோதும் கண்டிராத தேசத்தை நோக்கித் தாமாகவே பறந்து வருகின்றன. புரட்டாதியில் வங்காலைத் தரவையில் இறங்கும் இளம் பறவைக்கு இந்த நிலத்தைப் பற்றி முன்னனுபவம் எதுவும் கிடையாது. நிலம் இருந்தால் உண்டு பிழைக்கும். இல்லாவிட்டால் அதற்கு மாற்று வழி சொல்ல எவருமில்லை.

மழையே பெய்யாத, கிணறுகளும் வற்றும் மாதத்தில் அவை ஏன் இங்கு வரவேண்டும்? வறட்சியே இதற்கு விடை. ஆழமான நீரில் உள்ளானால் இரை தேட முடியாது. அதற்கு வேண்டியது கணுக்கால் அளவு நீரும் ஈரச் சேறும். கோடை வெயிலில் நீர் வற்ற வற்ற, சேற்றின் விளிம்பு நாளுக்கு நாள் பின்வாங்குகிறது. அவ்வாறு பின்வாங்கும் விளிம்பில் புழுக்களும் சிறு கணவாழ் உயிர்களும் பூச்சிக் குடம்பிகளும் செறிந்து கிடக்கின்றன. எமது கரையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே சோளகக் காற்று நீரைத் தள்ளுவதும் வெயில் அதை உறிஞ்சுவதும் சேர்ந்தே அந்த உணவுத் தட்டை நாள்தோறும் விரித்து வைக்கின்றன. குட்டை அலகுப் பறவை மேற்பரப்பிலும், நீண்ட அலகுப் பறவை ஆழத்திலும் இரை எடுப்பதால் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பதில்லை. நீர் நிறைந்த மாரியும் நீர் வற்றிய கோடையும் ஒரே ஈரநிலத்தின் இரு முகங்கள். கோடை முகத்தை மட்டும் வைத்து அதைப் பாழ் என்று எழுதுவது, அறுவடை முடிந்த வயலைப் பார்த்து இங்கே எவரும் பயிரிடுவதில்லை என்று தீர்ப்பளிப்பதற்கு ஒப்பாகும்.

அங்கேயே வாழும் பறவையும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இனப்பெருக்கம் செய்யும் ஒரு சிறு உப்புக்கொத்தி நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையாகவே கருதப்பட்டது. அது தனி இனம் என்று 2023 இல் ஆய்வாளர் நிறுவி, அனுமான் உப்புக்கொத்தி என்று பெயரிட்டனர். இராமர் அணை அமைந்த கடற்பகுதியை ஒட்டிய பெயர் அது. வெறும் தரையில், கூடென்று சொல்லத் தக்க எதுவுமின்றி அது முட்டையிடுகிறது. வாகனச் சக்கரத்துக்கும் முட்டைக்கும் இடையில் அங்கே ஒரு புல்கூட இல்லை.

தரவையைப் பாழ் என்று காணும் கண்ணே எமது நாட்டின் பல திட்டங்களுக்கு வழிவிட்டிருக்கிறது என்பது என் கருத்து. மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது விசிறிகளுடன் தம்பபவனி காற்றாலை 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவோட் மின்சாரத்துக்குத் திட்டமிட்டது. மின்சார விலை தொடர்பிலும், பறவை ஆய்வு குறுகிய காலத்துக்குள் முடிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டின் பேரிலும் வழக்குகளும் வாதங்களும் எழுந்தன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆயினும் தீவில் வேறு காற்றாலைத் திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். ஜனாதிபதி ஒரு மாதகால இடைநிறுத்தத்தை அறிவித்தார். செப்டெம்பர் இறுதியில், பொலிஸ் பாதுகாப்புடன் காற்றாலைப் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது மோதலும் கடையடைப்பும் நிகழ்ந்தன.

காற்று மின்சாரத்துக்கு நான் எதிரியல்லன். நிலக்கரிப் புகையும் எரிபொருள் வரிசைகளும் எமக்குத் தந்த துன்பத்தை மறந்துவிட்டு எழுத முடியாது. ஆனால் ஓர் உண்மையைக் கணக்கில் எடுக்கவேண்டும். மன்னாரில் விசிறிகள் மிக வேகமாகச் சுழல்வது சோளகக் காற்றுக் காலத்தில். அந்தக் காலத்தின் பிற்பகுதியிலேதான் களைத்துப்போன பறவைகளின் முதல் அணி வந்து சேர்கிறது. ஆகவே ஆவணி தொடக்கம் ஐப்பசி வரையான மாதங்களை உள்ளடக்காத எந்தப் பறவை ஆய்வும் இந்த இடத்துக்குப் போதாது. ஓர் ஆண்டின் முழுச் சுற்றையும் காணாமல் ஈரநிலத்தை அளந்தேன் என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்கலாகாது.

மன்னார் மக்கள் முன்வைத்த முறைப்பாடுகளைக் கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் விளங்கும். காற்றாலைகளுக்கென அமைத்த வீதிகள் வெள்ளம் வழிந்தோடும் பாதைகளை அடைத்துவிட்டன என்பது அவற்றில் ஒன்று. கரைவலைத் தொழில் பாதிக்கப்படுகிறது என்பது மற்றொன்று. நீர் வரும் வழியும் போகும் வழியும் கெட்டால் ஏழை வீட்டு முற்றத்தில் வெள்ளம் நிற்கும். அதே நீர்வழி கெட்டால் சேற்று விளிம்பும் அழியும். பறவையின் வழக்கும் மீனவரின் வழக்கும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எனினும் எமது மக்களுக்குச் சரணாலயம் என்ற சொல்லின்மீது ஐயம் உண்டு. அந்த ஐயத்தை நான் மதிக்கிறேன். வங்காலை சரணாலயமான 2008 ஆம் ஆண்டு வன்னியில் போர் உக்கிரமாக நடந்த ஆண்டு. இடம்பெயர்ந்து திரிந்தவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டிருக்க முடியாது. போர் முடிந்து ஊர் திரும்பியபோது, வடக்கின் பல இடங்களில் தம் மேய்ச்சல் நிலமும் விறகுக் காடும் வர்த்தமானியில் வேறு பெயர் பெற்றிருப்பதைக் கண்டவர்கள் பலர். "பறவைக்கு இருக்கிற உரிமை எங்களுக்கு இல்லையோ?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. அதிகாரிகள் இதற்கு விடை சொல்லாமல் எல்லைக் கற்களை மட்டும் நட்டுக்கொண்டிருந்தால், சரணாலயம் கடதாசியிலேயே வாழும்.

நான் கேட்பது பெரிதன்று. தரவையில் மாடு மேய்ப்பவரின், கரையில் வலை இழுப்பவரின் பாரம்பரிய உரிமையை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். அவர்கள் போனால் தரவையை முதலில் அடைப்பவன் காணி வியாபாரிதான். பறவைக் கணக்கெடுப்பை வெளியிலிருந்து வருவோரின் வருகையோடு முடிக்காமல், மன்னார்ப் பாடசாலை மாணவரைக் கொண்டு மாதந்தோறும் செய்யுங்கள். வீதியோரத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்துங்கள். காணிப் பதிவிலும் திட்ட அறிக்கையிலும் தரவைக்கு எதிரே "பாழ்" என்றும் "பயன்பாடற்றது" என்றும் எழுதுவதைக் கைவிடுங்கள். பத்திரிகைத் துறையிலுள்ள என் இளம் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தை மாதத்துப் பூநாரைப் படத்தோடு ஆவணி மாதத்துச் சேற்றையும் ஒருமுறை எழுதுங்கள்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் பலர் ஆவணியிலேதான் ஊருக்கு வருகிறீர்கள். நல்லூர்த் தேருக்கும் மடுத் திருவிழாவுக்கும் வரும் அதே மாதத்தில் இந்தப் பறவைகளும் வருகின்றன. மன்னார்ப் பாலத்தை நோக்கிச் செல்கையில் அரை மணி நேரம் வாகனத்தை நிறுத்துங்கள். சேற்றில் இறங்கவேண்டாம், வீதியோரத்தில் நின்றாலே போதும்.

அன்று திரும்பும் வழியில் மைத்துனர் அதிகம் பேசவில்லை. இளைய பிள்ளை மட்டும், "மாமா, அந்தச் சின்னக் குருவிகள் திரும்பிப் போகுமோ?" என்று கேட்டாள். சித்திரையில் போகும், மீண்டும் ஆவணியில் வரும் என்றேன். "நாங்களும் அடுத்த ஆவணிக்கு வருவம்" என்றாள். அவர்கள் வரும்போது அந்தத் தரவை அப்படியே கிடக்கும் என்று அவளிடம் உறுதி சொல்ல எனக்கு நா எழவில்லை.