முதலில் அளவு, பிறகு காசு



போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நம் வாலிபர் குழுவிலிருக்கும் ஒரு தம்பி கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். பளபளக்கும் ஒரு மவுண்டன் பைக் ஃபிரேமின் படம்.

"அண்ணே, பழசுதான். ஆனா விலை ரொம்பக் குறைவு. அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிள்ல இருக்கிற சக்கரம், கியர் எல்லாத்தையும் கழற்றி இதுல மாட்டிடலாம்ல?"

பள்ளி விடுமுறை முழுக்க வேலை பார்த்துச் சேர்த்த காசு அவனிடம் இருந்தது. மறுநாள் காலையில் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தான். "இன்னும் காசு கொடுக்காதே. முதல்ல உன் பழைய சைக்கிளை அளந்து பார்ப்போம்" என்றேன்.

காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் சைக்கிள் கட்டியபோது, தள்ளுபடியில் கிடைத்ததே என்று 12 வேக கேசட் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது என் பின்சக்கர ஹப்பில் ஏறவே இல்லை. ஒரு வருடம் கட்டிலுக்கு அடியில் பெட்டியிலேயே கிடந்தது. பொருளில் குறை எதுவும் இல்லை. என் ஹப்புக்கு உரிய பொருள் அது அல்ல, அவ்வளவுதான்.

சைக்கிள் கட்ட நினைப்பவர்கள் முதலில் ஃபிரேமிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று, எந்தச் சக்கரத்துக்குச் செய்யப்பட்டது? தம்பி பார்த்த ஃபிரேம் 29 அங்குலச் சக்கரத்துக்கு உரியது. அவன் சக்கரம் 26 அங்குலம். ரிம் விட்டத்தில் 622-க்கும் 559-க்கும் 63 மி.மீ. வித்தியாசம். சின்னச் சக்கரத்தை மாட்டினால் முழு ஃபிரேமும் ஏறக்குறைய 3 செ.மீ. கீழே இறங்கிவிடும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் பெடல் இடிக்கத் தொடங்கும்.

இரண்டு, பின் அச்சுக்கு எவ்வளவு இடைவெளி? பழைய ஃபிரேம்களில் பெரும்பாலும் 135 மி.மீ. பிறகு 12 மி.மீ. தடிமனான அச்சோடு 142 வந்தது. அதற்கும் பிறகு 'பூஸ்ட்' எனப்படும் 148 வந்தது. அவன் சக்கரம் 135, அந்த ஃபிரேம் 148. 13 மி.மீ. தானே என்று இழுத்து இறுக்கிவிட முடியாது.

மூன்று, பெடல் கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட் எந்த வகை? திருகி ஏற்றுவதா, அழுத்திப் பொருத்துவதா? திருகு வகையைக் கழற்றி மாட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. மற்றதற்குத் தனிக் கருவி வேண்டும்.

பழைய ஃபிரேம் என்றால் இன்னொன்றும் உண்டு. குழாய்கள் சேரும் இடங்களில், முக்கியமாக ஹேண்டில்பாருக்குக் கீழேயும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும், நகத்தால் தடவிப் பாருங்கள். பெயிண்டில் மெல்லிய கோடு தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இறக்கத்தில் ஃபிரேம் உடைந்தால் அடிபடுவது நீங்கள்தான்.

இனி கியர். பின்சக்கர ஹப்பில் கேசட் ஏறும் பகுதியை ஃப்ரீஹப் என்கிறோம். வழக்கமான எச்ஜி வகையில் மிகச் சிறிய பல்சக்கரம் 11 பல். 10 பல்லில் தொடங்கும் கேசட் வேண்டுமென்றால், ஷிமானோவுக்கு மைக்ரோ ஸ்பிளைன், ஸ்ராமுக்கு எக்ஸ்டி என்று வேறு ஃப்ரீஹப் தேவை. என்னைக் கவிழ்த்தது இதுதான்.

ஷிஃப்டரும் பின் டிரெய்லியரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒரு சொடுக்குக்கு ஷிஃப்டர் எவ்வளவு கேபிள் இழுக்கிறது என்பது ஷிமானோவில் ஒரு கணக்கு, ஸ்ராமில் வேறு கணக்கு. ஒரே நிறுவனத்திலும் 9 வேகமும் 11 வேகமும் ஒன்றல்ல. கலந்து மாட்டினால் செயின் இரண்டு பற்களுக்கு நடுவே தடுமாறிக்கொண்டே இருக்கும்.

"12 வேகம்தானே நல்லது?" என்று கேட்டான் தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். முன்னே 32 பல், பின்னே 51 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 0.63 சுற்று. ஷிமானோவின் 11 வேக 11-51 கேசட்டிலும் இதேதான், 12 வேக 10-51 கேசட்டிலும் இதேதான். ஏற்றத்தில் இரண்டும் சமம். சமதளத்தில் வேகமாகப் போகும்போதுதான் 2.9-க்கும் 3.2-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். நம் சிங்கப்பூரில் மிக உயர்ந்த புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். செஸ்நட் பாதையிலும் புலாவ் ஊபின் கெத்தாம் பாதையிலும் நமக்குத் தேவை குட்டையான செங்குத்து ஏற்றங்களுக்கான கியர். அந்த 11-51 கேசட் எச்ஜி ஃப்ரீஹப்பிலேயே ஏறும் என்பது கூடுதல் நன்மை.

இதைக் கேட்டதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா என் பழைய சக்கரத்திலேயே ஏறுமா அண்ணே?" என்றான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பாவும் கூட உட்கார்ந்தார். ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதினோம். புது ஃபிரேம் என்றால் சக்கரம், ஃபோர்க், கிராங்க், கியர் எல்லாமே வாங்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு முழு சைக்கிளின் விலையைத் தாண்டியது. பழைய ஃபிரேமையே வைத்துக்கொண்டால் கேசட், டிரெய்லியர், ஷிஃப்டர், செயின், முன்னே ஒற்றைப் பல்சக்கரம் ஆகிய ஐந்து பொருள்கள் போதும். சேர்த்த காசில் பாதிக்கும் மேல் மிச்சம்.

"வாங்கினப்பவே நல்ல ஃபிரேம்னு சொன்னாங்க" என்றார் அப்பா, மெதுவாக. தம்பி சிரித்தான்.

மிச்சக் காசில் முதலில் வாங்கியது நல்ல ஹெல்மெட். போன சனிக்கிழமை சாங்கியிலிருந்து படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஊபின் போய்வந்தோம். ஏற்றத்தில் நான் இறங்கித் தள்ளிய இடத்தில் அவன் மிதித்தே ஏறினான்.

உங்களில் யாராவது சைக்கிள் கட்ட நினைத்தால், காசு கொடுப்பதற்கு முன் அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே நிற்கும் சைக்கிளின் அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த மாதம்: செயின் எப்போது தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அன்புடன்,
உங்கள் சைக்கிள் அண்ணன்