வீடும் வெளிச்சமும்: பகலில் விளக்குக் கேட்காத அடுக்களை

பகல் பன்னிரண்டு மணிக்கு, லைட் போடாமல், உங்கள் அடுக்களையில் நின்று அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா? முடிகிறதென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். முடியாது என்கிற சகோதரிகளுக்காகவும், இனிமேல்தான் வீடு கட்டப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் கீழப்பாவூரிலும், பக்கத்தில் பாவூர்சத்திரம், தென்காசியிலும் புது வீடுகள் மளமளவென்று எழும்புகின்றன. வாசலில் கிரானைட், ஹாலில் விதவிதமான விளக்குகள், எல்லாம் உண்டு. உள்ளே போனால் அடுக்களையில் நடுப்பகலிலும் லைட் எரிகிறது!

காரணம் என்ன தெரியுமா? பழைய வீடுகளில் தார்சா, பட்டாசாலை, முற்றம், அடுக்களை என்று வரிசையாக இருந்தன. பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டியிருந்தாலும், நடுவில் இருந்த முற்றம் வானத்து வெளிச்சத்தை உள்ளே இறக்கிக் கொடுத்தது. பாகப்பிரிவினை என்று வந்ததும் வீடு நீளவாக்கில் இரண்டாகிறது. பதினைந்தடி அகலம், அறுபதடி நீளம் என்று ஆளுக்கொரு துண்டு. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். அதன் மேல் முழுக்கக் கான்கிரீட்டையும் போட்டு மூடிவிட்டால், முன்வாசலையும் புறவாசலையும் தவிர வெளிச்சத்துக்கு வழி ஏது?

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. குற்றாலத்தில் சாரல் பிடித்தால் நம் வீட்டுத் துணி நாலு நாளானாலும் காய்வதில்லை. வெளிச்சமும் காற்றும் இல்லாத சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு அந்தப் பூஞ்சணம் ஆகவே ஆகாது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஊசியில் நூல் கோக்க முன்னைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டியிருக்கிறது. வயதான மாமியார் இருட்டில் படி தெரியாமல் விழுந்தால் எலும்பு முறிவுதான்.

நெருக்கமான இடத்தில் வெளிச்சத்தை எப்படிக் கொண்டு வருவது? நம் பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் வியாபாரத்துக்குப் போனார்களே, அந்தக் கொழும்பில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஜெப்ரி பாவா (1919–2003) என்பவர் முதலில் வக்கீலாக இருந்தார். பிறகு கட்டடக் கலை படித்து 1957-ல் தேறினார். இலங்கையின் கோட்டே பாராளுமன்றக் கட்டடம் அவர் வடிவமைத்ததுதான். அவர் 1958-ல் ஒரு சந்தில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பிறகு ஒவ்வொன்றாக நாலையும் சேர்த்து ஒரே வீடாக்கிக் கொண்டார். சந்து வீடுதான், ஆனால் உள்ளே இருட்டு கிடையாது. அங்கங்கே கூரையைத் திறந்துவிட்டு, சின்னச் சின்ன முற்றங்கள் வைத்து, சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்திருக்கிறார். நடை வழியில் போகும்போது, திரும்புகிற இடத்தில் மேலிருந்து வெளிச்சம் கொட்டுகிறது.

அவர் இன்னொருவருக்குக் கட்டிய வீடுதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஈனா டி சில்வா, பத்திக் துணிக் கலையில் பேர் பெற்ற பெண்மணி. 1960 வாக்கில் வீடு கட்ட நினைத்தபோது, அந்த நாட்டுப் பழைய வீடுகளில் இருக்கிற முற்றமும் தாழ்வாரமும் வேண்டும், அதே சமயம் இக்காலத்து வீடாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டாராம். பாவாவும் அப்படியே செய்தார். தெருவைப் பார்த்து உயரமாய்ச் சுவர், உள்ளே நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றி அறைகள், இறங்கிய ஓட்டுக் கூரை. 2009-ல் அந்த இடம் கைமாறியபோது வீட்டை இடித்துத் தள்ள மனம் வரவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் எண் போட்டுப் பிரித்து, பெந்தோட்டை அருகே பாவாவின் லுனுகங்கா தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். வீட்டுக்காரி வாய் திறந்து கேட்டதால் வந்த வீடு அல்லவா அது!

அவ்வளவு செலவுக்கு எங்கே போவது என்பீர்கள். செங்கோட்டை வழியே மலை தாண்டினால் திருவனந்தபுரம். இங்கிலாந்தில் பிறந்து இந்தியரான லாரி பேக்கர் (1917–2007) அங்கே சாதாரணச் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி, சல்லடை மாதிரிச் சுவர் எழுப்பினார். மரமும் கண்ணாடியும் போட்ட ஜன்னலைவிடச் செலவு குறைவு. கண் கூசாத வெளிச்சம் வரும், காற்றும் வரும். கொசுவுக்கு உள்பக்கம் வலை அடித்துக்கொண்டால் ஆயிற்று.

எங்கள் எதிர்வீட்டு மதினி புது வீடு கட்டியபோது, அடுக்களைக்கு முன்னால் கொஞ்சம் திறப்பு விடச் சொன்னார்கள். கொத்தனார், “வேண்டாம்க்கா, அவ்வளவு இடமும் வீணாப் போவும்” என்றார். அண்ணாச்சியும் அதற்குத் தலையாட்டினார். மதினி விடவில்லை. “நீங்க ராத்திரி வந்து படுக்கிற ரூமுக்கு மூணு ஜன்னல் வச்சிருக்கீங்க. நான் பகல் முழுக்க நிக்கிற இடத்துக்கு ஒண்ணுகூட இல்லியே?” என்று கேட்டார்கள். அதற்குப் பதில் இல்லை! ஆறடிக்கு எட்டடி திறப்பு விட்டார்கள். சாரலில் தரை நனைகிறது, துடைக்க வேண்டியிருக்கிறது, அது உண்மைதான். குரங்கு வந்ததால் மேலே கம்பி அழியும் போட்டார்கள். ஆனால் இன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடிப்பது அந்த முற்றத்து ஓரத்தில்தான்.

வீடு கட்டப் போகிறவர்கள் கவனிக்க:

முற்றத்துத் தரை சுற்றுத் தரையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர் போகக் குழாய் முதலிலேயே வைத்துவிடுங்கள். காற்றோடு சாய்ந்து வரும் சாரலுக்குக் கூரை நன்றாக முன்னால் நீண்டிருக்க வேண்டும்.

மாடியும் கட்டுவதானால் திறப்பு இன்னும் அகலமாக வேண்டும். குறுகலாக விட்டால் கிணறு மாதிரி அடியில் இருட்டாகிவிடும். அதன் சுவருக்கு வெள்ளை அடியுங்கள்.

மேற்கு ஜன்னல் சாயங்கால வெயிலின் சூட்டை உள்ளே விடும். அதைச் சின்னதாக வைத்து, மேலே சன்ஷேடு போடுங்கள். வடக்கு ஜன்னலில் சூடு குறைவு, வெளிச்சம் உண்டு.

ஏற்கெனவே மூடிய ஓட்டு வீடானால் நாலைந்து கண்ணாடி ஓடு மாற்றினாலே அடுக்களை மாறிவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் உடம்புக்கு வேண்டிய வைட்டமின் டி உண்டாகாது. அதற்குத் திறந்த வெயில்தான் வேண்டும்.

வீட்டு பிளான் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகும் முன்பே, நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வோர் அறையிலும் விரலை வைத்து, “பகலில் இங்கே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும்?” என்று கேளுங்கள். பதில் வராத அறையை அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். காகிதத்தில் இருக்கும்வரை அழிக்க ரப்பர் போதும். கான்கிரீட் இறுகிய பிறகு கடப்பாறை அல்லவா வேண்டும்!