மிளகின் எதிரி ஒன்றல்ல

தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் வயநாட்டிலும் குடகிலும் மிளகு விவசாயிகள் குனிந்து பார்ப்பது கொடியின் அடியைத்தான். வாடல் நோய் வந்திருந்தால் மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, நீர் கோத்து, தொட்டதும் பட்டை கையோடு வரும். சில வாரங்களில் இலையெல்லாம் கொட்டி, ஆண்டுக்கணக்கில் காய்த்த கொடி பட்டுப்போகும். காரணம், பைட்டோப்தோரா. பூஞ்சை என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது பழுப்புப் பாசிகளின் உறவு. இதன் வித்துகள் மழைநீரில் நீந்தியே அடுத்த கொடியை அடைகின்றன.

இந்த நோய்க்கிருமியை நெடுங்காலம் பைட்டோப்தோரா காப்சிசி என்ற ஒரே பெயரில் அடக்கி வைத்திருந்தோம். 1922-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் மிளகாய்ச் செடியிலிருந்து விவரிக்கப்பட்ட இனம் அது. 2001-இல் ஹவாயில் பைட்டோப்தோரா ட்ராபிகாலிஸ் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. தென்னிந்திய மிளகுத் தோட்டங்களின் மாதிரிகளை மரபணு வழியே ஆராய்ந்தபோது, இரண்டுமே இங்கு இருப்பது தெரிந்தது. இதோடு முடியவில்லை. காப்சிசியில் ஏ1, ஏ2 என இரண்டு இணைவகைகள் உண்டு. இரண்டும் ஒரே மண்ணில் சேர்ந்தால், தடித்த சுவர் கொண்ட வித்துகள் உருவாகி ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மரபணுக்கள் கலந்து புதிய வகைகளும் பிறக்கும்.

இவ்வளவு கலவையான கிருமிக்கு எல்லா மலைக்கும் ஒரே மருந்து என்று சொல்வது சரியல்ல. மெட்டலாக்சில் என்ற மருந்தையே தொடர்ந்து ஊற்றினால், அதைத் தாங்கும் வகைகள் தப்பி, அடுத்த மழையில் அவையே பெருகும். சக்தி, தேவம் போன்ற தாங்குதிறன் ரகங்களையும் அந்தந்தப் பகுதிக் கிருமியோடு மோதவிட்டுப் பார்த்த பிறகே பரிந்துரைக்க வேண்டும்.

என் பெரிய கவலை நாற்றங்கால்தான். மிளகு நாற்றுகள் பெரும்பாலும் ஓடுகொடியிலிருந்து எடுக்கப்படுகின்றன. தரையில் படரும் அந்தக் கொடியில்தான் சேறு தெறித்து நோய் முதலில் தொற்றுகிறது. பாலித்தீன் பையில் பச்சைப்பசேலென்று நிற்கும் நாற்றின் வேரில் அழுகல் தொடங்கியிருந்தாலும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. அது லாரியேறி வேறு மலைக்குப் போகும்போது, விலகியிருந்த வகைகளை நாமே ஒன்று சேர்க்கிறோம்.

மானிய விலையில் நாற்று கொடுக்கும் அரசுகள், கிருமிப் பரிசோதனை செய்யாத நாற்றை வெளியே விடக் கூடாது. எந்த மாவட்டத்தில் எந்த வகை இருக்கிறது என்ற வரைபடம் ஆய்வேடுகளுக்குள் முடங்காமல் வேளாண் அலுவலகச் சுவரில் தொங்கட்டும். விவசாயிகளே, மழைக்கு முன் ஓடுகொடிகளைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். எங்கே வளர்ந்தது என்று தெரியாத நாற்றை வாங்காதீர்கள்.